யார் கேட்டது, யார் பதில் சொன்னது: 1992 நெடுமாறன் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

"நெடுமாறன் கேஸா? அகதிகளைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு ஹைகோர்ட் சொன்னதுதானே சார்?" சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி வரும் பதில் இது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் 1992-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த ரிட் மனுக்களுக்கு இப்படி ஒரு நல்ல பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தீர்ப்பில் இருப்பது இதைவிடக் குறைவு. இலங்கைக்குத் திரும்புகிறவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் வந்துவிட்டது. அது உலக அமைப்பு, அதன் அதிகாரிகள் திறமையானவர்கள், நடுநிலையானவர்கள். எனவே சம்மதம் உண்மையா இல்லையா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை. சாரம் இவ்வளவுதான். "திருப்பி அனுப்பாமை" என்று சர்வதேசச் சட்டம் சொல்லும் கோட்பாடு இந்திய அரசைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. அந்த விடை இல்லாமல்போனதன் விலையை முப்பது வருடம் கழித்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் வாதம்.

வழக்கு எப்படி வந்தது

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் ராமேஸ்வரம் கரைக்கு வரத் தொடங்கின. பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் பதிவு செய்து மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சென்னையை ஒட்டிப் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் எழுந்தன. அந்த முதல் எட்டு வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஆதரவுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. அரசாணைகள் இருந்தன, ஊர் மக்களின் மனசு இருந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இரண்டும் மாறின. உயர்கல்வியில் இருந்த சலுகைகள் போயின. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் நுழைவது கடினமாகி, பிறகு தடைபட்டது. 1992 ஜனவரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பின. இலங்கையில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. 1995 வரைக்கும் இப்படிப் போனவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்கள், கையெழுத்து இருக்கிறது என்றது அரசு. சந்தேகம் எழுந்தது அந்தக் கையெழுத்தில்தான்.

மனுதாரர்கள் கேட்ட நிவாரணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். திரும்பிப் போவது உண்மையில் விருப்பத்தின் பேரில்தானா என்று சோதிக்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அதிகாரிகளை அனுமதிக்க வேண்டும், போக விரும்பாதவர்களை முகாமிலேயே இருக்கவிட வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிடுமாறு கேட்டார்கள். இலங்கைக்கு அனுப்புவதே சட்டவிரோதம் என்று அறிவிக்கக் கேட்கவில்லை. ஏன் இத்தனை சிறிய கோரிக்கை? அன்றைய சட்டநிலையை வைத்துப் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன்.

கையில் இருந்த சட்டம்

அகதிகள் நிலை குறித்த 1951 உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு சொல்வது இது: இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள எல்லைக்கு ஓர் அகதியை எந்த விதத்திலும் திருப்பி அனுப்பக்கூடாது. இந்தியா அந்த உடன்படிக்கையிலும் சேரவில்லை, 1967 நெறிமுறையிலும் சேரவில்லை. உள்நாட்டில் இருந்தது 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம். அகதி என்றொரு வகையே அதற்குத் தெரியாது. விசா முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும், குண்டுக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு கரையேறிய தாயும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

உச்ச நீதிமன்றமும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. வெளிநாட்டினரை வெளியேற்றும் அரசின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று 1955-ல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் சொல்லிவிட்டது. 1991-ல் லூயி டி ரேட் வழக்கில், வெளிநாட்டவருக்கு அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிருரிமையும் உடற்சுதந்திரமும் மட்டும் உண்டு, இங்கே தங்கி வாழும் உரிமை இல்லை என்றது. இந்த இரண்டு தீர்ப்பும் எதிரே நிற்கும்போது, "அனுப்பவே கூடாது" என்று கேட்டால் முதல் விசாரணையிலேயே மனு விழுந்திருக்கும். "அனுப்புவதற்கு முன் வேறொருவர் கேட்டுப் பார்க்கட்டும்" என்றால் நீதிபதி யோசிப்பார்.

அதே 1992-ல் வந்த குருநாதன் வழக்கில், விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதற்கு நீதிமன்றம் இசையவில்லை. நெடுமாறன் வழக்கின் பெயரில் இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த மனநிலையைத்தான்.

அந்த வருடமே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. அரசு அதனோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. மனுதாரர்கள் கேட்டது கிடைத்துவிட்டது, வழக்கில் தீர்க்க ஒன்றும் இல்லாமல்போனது. சிறிய கோரிக்கைக்கு இப்படி ஓர் ஆபத்து உண்டு. எதிர்த்தரப்பு அதை நிறைவேற்றிவிட்டால் சட்டம் பேச மேடையே இருக்காது.

நடுவர் வந்தார், விதி வரவில்லை

நீதிமன்றம் உள்நாட்டு அதிகாரியின் சொல்லை அப்படியே நம்பாமல் வெளியாள் ஒருவர் இருப்பதை முக்கியமாக எடுத்துக்கொண்டது நல்லதுதான். அன்றைய சென்னையின் சூழலில் அதுவே துணிச்சல். என் குறை அதற்கு அடுத்த படியில். வெளியாள் வந்ததையே விடையாக எடுத்துக்கொண்டது சரியில்லை.

உடன்படிக்கையில் சேராத நாட்டில் அந்த அமைப்பு அரசின் இசைவில்தான் இயங்குகிறது. முகாமுக்குள் எவ்வளவு தூரம் போகலாம், யாரைப் பார்க்கலாம் என்பது அரசு விடும் வழியைப் பொறுத்தது. நேர்காணலில் ஒருவர் "நான் போகவில்லை" என்றால் அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு அரசிடம் சொல்வார். அரசு அவரை இருக்கவிடும். எந்தச் சட்டப்படி? எந்தச் சட்டப்படியும் இல்லை. நாளைக்கு மனம் மாறி அவரை ஏற்றி அனுப்பினால், மீறப்பட்டது இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு என்று காட்ட ஒன்றும் கிடையாது. நடுவரைக் களத்தில் நிறுத்திவிட்டு விதிப்புத்தகத்தைக் கொடுக்க மறந்த ஆட்டம் இது.

விருப்பம் என்பதையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு முகாமைக் கற்பனை செய்துகொள்வோம். பத்துக்குப் பத்தில் தார்த்தாள் கூரை. மாதப் பணக்கொடை தள்ளிப் போகிறது. மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கல்லூரி வாசல் மூடியிருக்கிறது. தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் பதிவிலிருந்து பெயர் போகும் என்ற பயம். முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மேசையில் படிவம், பக்கத்தில் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிரிவுக்காரர் நிற்கிறார். "என்னம்மா, பேர் குடுக்கிறீங்களா, இல்லையா?" "எல்லாரும் போகினம் எண்டால் நாங்கள் மட்டும் இஞ்சை இருந்து என்ன செய்யிறது, ஐயா." கையெழுத்து விழுகிறது. சில நாள் கழித்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, விரும்பித்தானே போகிறீர்கள் என்று கேட்கிறார். ஓம் என்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்த ஆணையத்தின் சொந்த வழிகாட்டு நெறிகளே இதற்கு வழி சொல்லியிருக்கின்றன. உடல்ரீதியாக மட்டுமல்ல, மனரீதியாகவும் பொருள்ரீதியாகவும் நெருக்குதல் இல்லாதபோதுதான் திரும்புதல் விருப்பத்தின் பேரில் நடந்ததாகும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. சலுகைகளை நிறுத்தியது எதற்காக? தொண்டு நிறுவனங்களை வெளியே வைத்தது எதற்காக? இதெல்லாம் ஐ.நா. அதிகாரியிடம் கேட்கும் கேள்விகளே அல்ல. அரசிடம் பிரமாணப் பத்திரம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, நீதிமன்றத்தால் மட்டுமே முடிந்தவை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. முன்னாள் பிரதமரைக் கொன்றவர்கள் அகதிக் கூட்டத்தில் கலந்திருக்கலாம் என்ற பயம் அன்று பொய்யான பயம் அல்ல. 1951 உடன்படிக்கையே அதை ஏற்கிறது: நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் உள்ள அகதி, திருப்பி அனுப்பாமையின் பலனைக் கோர முடியாது என்கிறது 33-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஆனால் அந்த விலக்கு ஆளுக்கு ஆள் காரணம் காட்டிச் செய்வது. சட்டத்தின் ஆட்சி அரசின் கையைக் கட்டிப்போடுகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தைப் படிப்பதில்லை. கை கட்டப்படவில்லை, காரணத்தை எழுதச் சொல்கிறது.

கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை

"இந்தியா கையெழுத்துப் போடவில்லை, பாவம் நீதிமன்றம் என்ன செய்யும்" என்று கேட்கலாம். செய்வதற்கு இருந்தது.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் சேர்ந்துவிட்டது. அதன் 13-ஆம் பிரிவு, சட்டப்படி நாட்டில் உள்ள வெளிநாட்டவரை வெளியேற்றுவதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்கிறது. டெல்லி அங்கே உஷாராக இருந்தது. சேரும்போதே, வெளிநாட்டினர் குறித்த தன் சட்டத்தையே பின்பற்றும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்வதாக 13-க்கு எதிரே எழுதிக் கொடுத்துவிட்டது. தடுப்புக் காவலை மனத்தில் வைத்து 9-ஆம் பிரிவுக்கும் இதேபோல ஒன்று. ஆனால் 7-ஆம் பிரிவுக்கு, அதாவது சித்திரவதைக்கும் கொடிய நடத்தைக்கும் எதிரான பிரிவுக்கு, எந்த ஒதுக்கீடும் எழுதவில்லை. நெடுமாறன் வழக்கு நடந்த அதே 1992-ல், ஐ.நா. மனித உரிமைக் குழு தன் 20-ஆம் பொதுக் கருத்துரையில், நாடு கடத்துவதாலோ திருப்பி அனுப்புவதாலோ ஒருவரைச் சித்திரவதை அபாயத்துக்குள் தள்ளுவதும் 7-ஆம் பிரிவை மீறுவதே என்று சொன்னது. அகதிகள் உடன்படிக்கை வாசலில் நுழைய முடியாதபோது இந்த வாசல் திறந்தே கிடந்தது.

ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்பது உண்மைதான். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைச் சொன்னார். ஆனால் அதே தீர்ப்பிலேயே, கடனைக் கட்ட வழியில்லாதவரைச் சிறையில் போடும் சட்டப்பிரிவை 21-ஆம் பிரிவின் வெளிச்சத்திலும், இதே உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவின் வெளிச்சத்திலும் சுருக்கிப் படித்தார். 1978-ன் மேனகா காந்தி தீர்ப்பு, உயிரையும் சுதந்திரத்தையும் தொடும் எந்த நடைமுறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றுவிட்டது. சர்வதேசச் சட்டத்தை மதிக்கச் சொல்லும் அரசமைப்பின் 51-ஆம் பிரிவும் இருந்தது. இவற்றைக் கோத்து, "காரணம் எழுதாமல், ஆபத்தைப் பரிசீலிக்காமல் ஒருவரைக் கப்பலேற்றுவது 21-க்கு முரண்" என்று ஒரு வரி எழுத முடிந்திருக்கும். ஹான்ஸ் முல்லர் தீர்ப்பைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மற்ற நீதிமன்றங்கள் பிறகு அந்தப் பக்கம் நகர்ந்தன. 1996-ல் அருணாச்சலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். 1990-களின் இறுதியில் குஜராத் உயர் நீதிமன்றமும், 2015-ல் டெல்லியும், 2021-ல் மணிப்பூரும் திருப்பி அனுப்பாமையை 21-ஆம் பிரிவுக்குள் வைத்துப் படித்தன. பெரிய அளவில் அகதிகளைக் கண்ட சென்னையிலிருந்து அந்த முதல் வரி வராமல்போனது எனக்கு இன்றும் உறுத்தல்.

போக விரும்பியவரின் கதை

விதி இல்லாத இடத்தில் தவிப்பது போக மறுப்பவர் மட்டும் இல்லை. போகக் கேட்பவரும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார். சிறப்பு முகாம்களைச் சொல்கிறேன்.

1946 வெளிநாட்டினர் சட்டத்தின் 3(2)(உ) பிரிவின் கீழ், குறிப்பிட்ட இடத்தில் தங்குமாறு ஒருவருக்கு உத்தரவிட முடிந்தது. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி, பிறகு திருச்சி மத்தியச் சிறை வளாகம் என்று இடங்கள் மாறிவந்தன. வாசலில் போலீஸ், மதில் சுவர், வெளியே போக அனுமதி இல்லை. இது காவல் அல்ல, நடமாட்டக் கட்டுப்பாடுதான் என்ற அரசின் நிலைப்பாடு நீதிமன்றத்திலும் எடுபட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்படும் ரவுடிக்குக்கூட காரணங்கள் எழுத்தில் தரப்படும். அவர் வழக்கு அறிவுரைக் கழகத்துக்குப் போகும். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். சிறப்பு முகாம் உத்தரவுக்கு அறிவுரைக் கழகமும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. அது காவல் இல்லை என்று சொல்லிவிட்டதால், காவலுக்கு எதிராக அரசமைப்பின் 22-ஆம் பிரிவு கட்டிவைத்த வேலிகள் எதுவும் அதற்குப் பொருந்துவதில்லை.

2022 நவம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கில் எஞ்சியிருந்தவர்களை விடுவித்தது. அவர்களில் இலங்கையர் நால்வர். சிறைக் கதவிலிருந்து அவர்கள் போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு. அவர்களில் சாந்தன் ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்பவும் அரசு தயார்தான். பயண ஆவணம், தூதரகம், மத்திய அரசின் உத்தரவு என்று ஒன்றன்பின் ஒன்றாக மாதங்கள் ஓடின. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் அந்த ஏப்ரலில் விமானம் ஏறினார்கள். அவர் செய்த குற்றம் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், தண்டனை முடிந்த ஒருவரை இன்ன தேதிக்குள் அனுப்பு, அல்லது வெளியே விடு என்று சொல்ல ஒரு வரிச் சட்டம் இல்லை என்பதை மறுக்க முடியாது.

இப்போது நிற்கும் இடம்

2021 ஏப்ரலில் ரோஹிங்கியாக்கள் பற்றிய இடைக்கால உத்தரவில் உச்ச நீதிமன்றம், 14, 21-ஆம் பிரிவுகள் எல்லோருக்கும் உண்டு, ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரிய 19(1)(உ) பிரிவின், அதாவது நாட்டில் எங்கும் வசிக்கும் உரிமையின், துணை உரிமை என்றது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த உரிய நடைமுறை எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் மறுபடியும் வெளிநாட்டினர் சட்டத்துக்கே வந்து சேர்ந்தோம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடு ஒன்றில், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று ஓர் இலங்கைத் தமிழர் வாதிட்டார். தண்டனை முடிந்த பிறகும் மூன்று வருடத்துக்கு அருகில் அடைபட்டுக் கிடப்பதாக அவர் தரப்பு சொன்னது. இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல, வேறு நாட்டுக்குப் போகட்டும் என்றது உச்ச நீதிமன்ற அமர்வு. வேறு எந்த நாடு, எந்தப் பாஸ்போர்ட்டில் என்பதை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே மே மாதம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் நடந்தது 1992 தீர்ப்போடு நேராக மோதுகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, முழுச் சம்மதத்தோடு, தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவரை, முன்பு முறையான ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காக இலங்கை போலீஸ் கைது செய்தது. அவர் விருப்பத்தைச் சோதித்ததில் பிழை இல்லை. போகும் இடத்தில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி, அதைத்தான் அன்று நீதிமன்றம் கேட்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பல நாடுகளைவிட இந்தியாவும் தமிழ்நாடும் நாற்பது வருடமாக இவர்களை நன்றாகவே பார்த்துக்கொண்டன. பணக்கொடை, இலவச அரிசி, பள்ளி, மருத்துவம் எல்லாம் உண்டு. 2021-ல் முகாம்களின் பெயர்கூட மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நடைமுறையில் இவ்வளவு நன்றாக இருக்கும்போது சட்டம் எதற்கு என்று சேப்பாக்கம் எழிலகத்து அதிகாரி ஒருவர் கேட்டால், 1991-ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு எல்லாம் மாறியதைக் காட்டுவேன்.

1946 சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சட்டத்திலும் அகதிக்கு இடம் இல்லை. அதனோடு வந்த விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குத் தருகிறது. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இது பெரிய நிம்மதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது திருப்பி அனுப்புவதிலிருந்து பாதுகாப்பு ஆகாது. அடுத்த அரசு அடுத்த உத்தரவால் அதைத் திரும்பப் பெறலாம். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கி மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு அந்தத் தேதி பொருந்தவும் பொருந்தாது. அவர்களில் ஒருவருக்காக நாளை உயர் நீதிமன்றத்தில் மனு போடும் வழக்கறிஞர், ஐ.நா. அதிகாரியை வரவழைக்கும் கோரிக்கையை முதல் வரியில் வைக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஆபத்தைப் பரிசீலித்துக் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு, அதை எதிர்த்து முறையிட அவகாசம், அதுவரை தடை. இந்த மூன்றையும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவிலும் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவிலும் நிறுத்திக் கேட்கட்டும்.